மார்கழியில் ஐஸ் சுரண்டிய கதை

மார்கழி விடியலில் மங்கி குல்லாய், ஸ்வெட்டர், அதற்கு மேல் போர்வை என்று பொட்டலமாகிப்போன ஒருவன் ஃப்ரீசரைத் திறந்து, உறைந்த எவர்சில்வர் தட்டை எடுத்து முள்கரண்டியால் கரகரவென்று சுரண்டுகிறான். அந்தக் கோலத்தில் என்னை எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"ஏம்பா, இந்தக் குளிர்ல ஐசா? ஒடம்பு முடியாத உம் பொண்டாட்டிக்கா குடுக்கப்போற? புத்தி கித்தி கலங்கிப்போச்சா?"

"கடை போடலாம்னு இருக்கேங்கம்மா. மார்கழியில போட்டி இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்திருந்தார்கள். அதில் வாயெல்லாம் புண்ணாகி, முதலில் இட்லி நின்றது, பிறகு கஞ்சி, பிறகு பால். ஜில்லென்று இருந்தால் மட்டும் புண் மரத்துப்போய்க் கொஞ்சம் விழுங்க முடிந்தது. அடுத்த முறை எடை இன்னும் இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அந்தக் குழாய் தொங்குவதை அவள் பார்த்திருந்தாள். ஊர் திரும்பும் பஸ் கண்ணமங்கலம் தாண்டியது. அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அத்த மட்டும் போட உடாதீங்க" என்றாள்.

நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். அந்த வாரம் கைகள் முழங்கைவரை கிளிப்பச்சை. பச்சைக் கையன் ஒருவன் அழுகிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இளநீரையும் வழுக்கையையும் மிக்ஸியில் அடித்துத் தட்டில் ஊற்றி உறையவைத்தேன். முதல் நாள் அது பாறையானது. ஸ்க்ரூடிரைவரால் குத்தியதில் தட்டு ஓட்டையானது. சர்க்கரை தாராளமாகப் போட்டால் இறுகாது என்று பிறகு தெரிந்தது. நூலைச் சாயத்தில் முக்கினால் சும்மா விட மாட்டோம். புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதே மாதிரி இதையும் அடிக்கடி எடுத்துக் கிளறிக் கிளறி வைத்தேன். மணல் மணலாக, தொட்டால் சரியும்படி வந்தது. ஒரு கிண்ணம் முழுக்க அவள் தொண்டையில் இறங்கியது. அன்றைக்கு நான் வீதியில் நடந்த நடையைப் பார்த்திருந்தால் யாரோ மந்திரி என்று நினைத்திருப்பீர்கள்.

மறுநாள் நன்னாரி. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தேன். நான் பிழியவில்லை, கைதான் பிழிந்தது. சாயம் போட்ட பட்டைக் கடைசியாக அலசும் தண்ணீரில் புளிப்புச் சேர்ப்பது எங்கள் வழக்கம். பளபளப்பு அதில்தான் வரும். இத்தனை வருடம் பழகிய கைக்குப் பட்டும் நன்னாரியும் ஒன்றாகத் தெரிந்துவிட்டது. புண்ணில் எலுமிச்சை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுவதும் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏம்மே, உன்ன பளபளன்னு ஆக்கலாம்னு பாத்தேன்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உடனே கண்ணில் தண்ணீர். "பேஜார் பண்ணாதீங்க. சிரிச்சா கீறிகினு வலிக்குது. இனிமே சிரிக்க வெக்காதீங்க."

கல்யாணமான நாளிலிருந்து சாயத்தை விட்டால் எனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழில் அவளைச் சிரிக்கவைப்பது, அதற்கும் தடை விழுந்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டு சுரண்டினேன். ஒரு கிண்ணம் அரைக் கிண்ணமானது, பிறகு இரண்டு கரண்டி. பிறகு, உதட்டில் வைத்தால் உருகி ஓரத்தில் வழிந்தது.

வேலூருக்குப் போகும் நாள் வந்தது. எடையை ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். "கல்யாணப் பட்ட கட்டிகினு வா. ஜரிகை கனத்துலயாவது முள்ளு ஏறும்."

அவள் பார்த்த பார்வை! "ஆரணிப் பட்டுங்க. கட்டினா கட்டின மாதிரியே இருக்காதுன்னு நீங்கதான ஊருக்கெல்லாம் சொல்லி விக்கறீங்க?"

அதுவும் சரிதான். இருந்தாலும் கட்டிக்கொண்டாள். நர்ஸ் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, விசேஷத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டார். பிறகு தொளதொளவென்று ஒரு பச்சை அங்கியைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். நான் புடவையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். உண்மையிலேயே கனமே இல்லை.

டாக்டர் திட்டவில்லை. எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க முடிஞ்சத செஞ்சிருக்கீங்க. இதுக்கு மேல காத்திருக்கக் கூடாது." அவள் என் பக்கம் திரும்பினாள். போட விடமாட்டேன் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். வேறு எதற்கும் வாய் மூடாத நான், சரி என்று தலையை ஆட்டினேன். டாக்டரைப் பார்த்துத்தான் ஆட்டினேன்.

இப்போது வீட்டில் அந்த மூக்குக் குழாயில் நானே ஊற்றுகிறேன். முதல் நாள் ஊற்றும்போது மெதுவாகக் கேட்டாள்:

"இன்னாது?"

"சத்துமாவுக் கஞ்சி."

"ஜில்லுன்னு இருக்குதா?"

"இல்லம்மே, வெதுவெதுன்னுதான் ஊத்தணுமாம். சூடு தெரியுதா?"

"தெர்லங்க. இனிப்பு, உப்பு, ஒண்ணுமே தெர்ல."

கஞ்சி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் குழாயை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். கையைத் தாழ்த்தினால் நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.