இளவரசிக்குப் பின்னால் நிற்பவள்

காதல் அனிமே தொடர்களில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வதற்குள் பார்க்கிறவர்களுக்கு நரை விழுந்துவிடும். பள்ளிக்கூட மொட்டைமாடியில் நிற்பார்கள், காற்றடிக்கும், அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள், சரியாக அந்த நேரம் பார்த்து ரயில் போகும். "என்ன சொன்னாய்?" "ஒன்றுமில்லை." அடுத்த வாரம் திருவிழா, வாணவேடிக்கை, மறுபடியும் "ஒன்றுமில்லை." மாயாஜாலத் தொடர்கள் வேறு வகைத் தொல்லை. ஒன்றுக்கும் உதவாத ஒரு பையன் வேறு உலகத்தில் போய் விழுவான். விழுந்த மாத்திரத்தில் நாலு பெண்கள் அவனுக்காக அடித்துக்கொள்வார்கள். நம் ஊரில் ரேஷன் கடை வரிசையில்கூட அவனுக்கு யாரும் இடம் விடமாட்டார்கள். ஒரு தொடர் ஓடிவிட்டால் போதும், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், சினிமா, இளவரசி படம் போட்ட பென்சில் டப்பா என்று கறந்துகொண்டே இருப்பார்கள்.

நான் இவை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். திட்டிக்கொண்டே இன்னும் பார்க்கிறேன். ஆனால் கதாநாயகி மேல் என் கண் நிற்பதில்லை. அவளுக்குப் பின்னால் தட்டோடோ விளக்கோடோ ஒருத்தி நிற்பாள். வரைகிறவன் அவளுக்கு மட்டும் சோம்பல்பட்டு ஒரு முகம் போட்டிருப்பான். நான் அவளைத்தான் பார்ப்பேன். இந்தப் பழக்கம் எனக்கு மட்டாஞ்சேரியில், ஒரு சேட்டு வீட்டுக் கூடத்தில் தொற்றியது.

தொண்ணூறுகளின் கடைசி. அப்பாவுக்கு கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்தை நான் வெகுநாள் கழித்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போன இடத்தில் பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அம்மா குஜராத்தித் தெருவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அந்தத் தெருவில் நல்ல மனுஷர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது இவர்கள்.

பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். அம்மா கொல்லைப்புறத்தில் இருப்பாள், கூடத்தில் டிவி இருக்கும். ஊஞ்சலில் சேட்டம்மா, சோபாவில் அவளுடைய மகள், தரையில் நான். மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. சாயங்காலம் கேபிளில் அந்தத் தொடர் வரும். ஒரு கோட்டை, அதில் ஓர் இளவரசி, வாள் தூக்கிய ஒரு பையன், அவனுடைய குதிரையைக் கழுவி நிறுத்தும் ஒரு வேலைக்காரப் பெண். அவளுக்கு நீலமுடி. எல்லோரும் இந்தியில் பேசுவார்கள். ஜப்பான்காரர்கள் இந்திதான் பேசுவார்கள் என்று எங்கள் சந்தில் பிள்ளைகள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நீலமுடி, பச்சைமுடி வைத்தவர்கள் யாரும் எங்கள் டிவியில் வேறு மொழி பேசியதே இல்லை.

எனக்கு இந்தி தெரியாது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த இந்தியில் "இது தாமரை", "அது பசு" என்பதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஆகவே சேட்டம்மாவின் மகள் எனக்குச் சொல்வாள். மட்டாஞ்சேரியில் இது புதிதல்ல. மிளகுக் கிடங்கு வாசலில் முதலாளி குஜராத்தியில் சொல்வதைக் கொங்கணிக் கணக்கப்பிள்ளை மலையாளத்தில் சொல்வார், அதைச் சுமை தூக்குகிறவர் தன் ஆளுக்குத் தமிழில் சொல்வார். அங்கே எல்லோருடைய பேச்சும் இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்து சேரும். சொன்னதைத்தான் சொன்னானா என்று யாரும் பார்ப்பதில்லை, சரக்கு ஏறினால் சரி.

அவள் சும்மா சொல்லவில்லை. என்னைத் தலை பின்னிவிடச் சொல்வாள், பென்சில் சீவச் சொல்வாள், தண்ணீர் கொண்டுவரச் சொல்வாள். கோபம் வந்தால் கதை உச்சத்தில் இருக்கும்போது வாயை மூடிக்கொள்வாள். நான் கெஞ்சுவேன். அவள் சொன்ன கதையில் அந்த நீலமுடிப் பெண் ஒரு அசடு. இளவரசியைப் புகழ்வதும் குதிரைக்குப் புல் போடுவதும்தான் அவள் பேச்சு. ஆனால் படத்தில் அவள் அந்தப் பையனைப் பார்க்கிற பார்வை புல் போடுகிற பார்வையாக இல்லை. எனக்கு அவளை அப்படிப் பிடித்திருந்தது. கொல்லைப்புறத்தில் என் அம்மா சாம்பல் கையோடு உட்கார்ந்திருந்தாள், நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணிடம் அவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நான் வேண்டாத நாளில்லை. என் சொந்த விஷயம் போல அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் கேட்டால் நாய்க்குக்கூட பாஷை வரும். எனக்கும் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் அறியாமல். ஒருநாள் குதிரை லாயத்தில் அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பையனிடம் மெல்ல ஒரு வாக்கியம் சொன்னாள். அதில் 'இந்தஜார்' என்ற சொல் இருந்தது. பஜாரில் எந்த டீக்கடை ரேடியோவைத் திருப்பினாலும் ஒரு இந்திப் பாட்டில் அந்தச் சொல் இருக்கும். காத்திருப்பு என்று கொச்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

"என்ன சொல்றா?" என்று சேட்டம்மாவின் மகளைக் கேட்டேன்.

"குதிரைய கழுவிட்டேன்னு பறையுறா. அத்ரேயுள்ளு" என்றாள், கண்ணைக்கூடத் திருப்பாமல்.

அவ்வளவுதானாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை மாதமாக அந்தப் பெண்ணின் வாயிலிருந்து காதலைப் பிடுங்கிப் புல்லைத் திணித்துக்கொண்டிருந்தாள் இவள்! நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த இந்தியில், "அவள் அப்படிச் சொல்லவில்லை. உனக்காகக் காத்திருப்பேன் என்று சொன்னாள்" என்றேன்.

சேட்டம்மாவின் ஊஞ்சல் நின்றது. அடி விழும் என்று நினைத்தேன். அவள் கைகொட்டிச் சிரித்தாள். "அடடே, இவளுக்கு இந்தி வருமே!" என்று தட்டிலிருந்து ஒரு காக்ராவை எடுத்து நீட்டினாள். சுட்ட அப்பளம் போல மொறுமொறுவென்று இருக்கும். நான் அதைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தேன். அவள் முகம் சுண்டிக் கிடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாளாக நான் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

மறுநாள் தொடர் ஆரம்பித்த உடனே சமையலறையிலிருந்து கூப்பாடு வந்தது. சேட்டம்மா கல்யாணமாகி குஜராத்திலிருந்து வந்து வருஷங்கள் ஆகியும் மலையாளத்தில் வேணும், வேண்டா, வேகம் என்ற மூன்று சொற்களைத் தாண்டவில்லை. அதுவரை அவள் கோபம் முகத்திலும் கையிலும்தான் இருந்தது. பாத்திரத்தைத் தூக்கிக் காட்டுவாள், ணங்கென்று வைப்பாள், அம்மா மறுபடி தேய்ப்பாள். இப்போது அவள் இந்தியில் சொல்வதைத் தமிழில் சொல்ல அவளுக்கு என் வாய் கிடைத்துவிட்டது.

"இவளுக்குக் கை இருக்கிறதா, கட்டை இருக்கிறதா என்று கேள். குக்கர் அடியில் இருக்கிற கரி கண்ணுக்குத் தெரியவில்லையா? இவள் ஊரில் பாத்திரத்தைப் பார்த்ததே இல்லையா என்று கேள்."

நான் அம்மாவிடம், "குக்கர்ல கொஞ்சம் கரி இருக்காம்மா" என்றேன்.

வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். மட்டாஞ்சேரியிலேயே வளர்ந்தவள், தமிழ் நன்றாகவே புரியும். "மம்மி, இவள் நீ சொன்னதைச் சொல்லவில்லை" என்றாள். மாதக்கணக்கில் வாய்க்கு வந்ததைச் சொல்லி என்னை ஏமாற்றியவளுக்கு அன்றைக்குத் திடீரென்று சத்தியம் பொத்துக்கொண்டு வந்தது.

சேட்டம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். சொன்னதைச் சொன்னபடி சொல்லாவிட்டால் தாயும் மகளும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றாள். அவளுடைய மகள் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் சொன்னேன். "ஒனக்குக் கை இருக்கா கட்டை இருக்கான்னு கேக்குறாங்க. ஒன் ஊருல பாத்திரமே பாத்ததில்லையான்னு கேக்குறாங்க." அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு ணங்கோடு போனது இப்போது முழு வாக்கியங்களாக வந்தது. சீயக்காய் வாசனை, சேலைக் கிழிசல், அப்பாவின் வேலை, எதையும் விடவில்லை. நான் ஒன்றுவிடாமல் அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். சேட்டம்மாவின் மகள் பரீட்சை எழுதவைக்கிற டீச்சரைப் போல நின்று கேட்டாள். ஒரு சொல் குறைந்தால் திருத்தினாள். அம்மா ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்போடு நின்றாள். டிவியில் கதை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் வந்தது. பையன் கோட்டையை விட்டுப் போகிறான். வாசலில் அந்த நீலமுடிப் பெண் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் அவளிடம் ஏதோ நீளமாகப் பேசத் தொடங்கினான். சரியாக அப்போது, "ஏய், இங்கே வா" என்று சமையலறைக் குரல். போகாமல் முடியாது. போகிற வழியில் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு வாக்கியம் காதில் விழுந்தது. நான் திரும்பி வருவேன் என்று அவன் சொன்னான். தெளிவான இந்தியில் கேட்டேன். அன்றைக்கு அம்மாவிடம் என்ன வசவைச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, எனக்குள் அந்த வாக்கியம்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது டிவியில் விளம்பரம். "அவன் என்ன சொல்லிட்டுப் போனான்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"இளவரசிய நல்லாப் பாத்துக்கோன்னு சொன்னான். வேறென்ன சொல்லுவான் வேலைக்காரிகிட்ட?" என்றாள் மகள்.

நான் மனதுக்குள் சிரித்தேன். நீ எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள், என் காதால் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். குதிரை பிடிக்கிறவளிடமும் ஒருவன் திரும்பி வருவேன் என்று சொல்வான். அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது, அது நான்.

சேட்டு வீட்டார் பிறகு எரணாகுளத்தில் பிளாட் வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மாவைக் கூப்பிடவில்லை. நான் படித்து முடித்து, இரண்டாயிரங்களின் நடுவில் தோப்பும்படியில் ஓர் இன்டர்நெட் கபேயில் வேலைக்குச் சேர்ந்தேன். தேவராவிலிருந்து வருகிற காலேஜ் பையன்கள் அனிமேயை சிடி சிடியாகப் பதிந்துகொண்டு வருவார்கள். அசல் ஜப்பான் பேச்சு, கீழே ஆங்கில எழுத்து. அவர்களிடம் வாங்கித்தான் நான் முழு ரசிகையானேன். ஜப்பான்காரர்கள் இந்தி பேசுவதில்லை என்று எனக்குத் தெரிந்ததும் அப்போதுதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஒரு மத்தியானம் அந்தப் பழைய தொடரின் சிடி கிடைத்தது. கபேயில் ஆளில்லை. நேரே கடைசிப் பாகத்தைப் போட்டேன். அந்த நேரம் அம்மா எனக்குச் சோறு கொண்டுவந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தவள், "இது சேட்டு வீட்டுல ஓடினதுல்ல?" என்றாள். சமையலறை வாசலில் நின்று இத்தனையும் அவள் பார்த்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

கோட்டை வாசல் வந்தது. நீலமுடிப் பெண் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் பேசினான். கீழே ஆங்கிலத்தில் ஓடியது: நான் இனி வரமாட்டேன். நீ இருக்கிறாய் என்கிற தைரியத்தில்தான் போகிறேன். இளவரசியை நன்றாகப் பார்த்துக்கொள்.

நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி போட்டேன். அதுதான். நான் காதால் கேட்டது, குழந்தைகள் அழக் கூடாது என்று இந்தியில் டப்பிங் பேசியவர்கள் சொருகிய வாக்கியம். அந்தச் சேட்டு வீட்டுப் பெண்ணுக்கு ஜப்பான் மொழி ஒரு எழுத்து தெரியாது. வேலைக்காரியிடம் ஒருவன் என்ன சொல்லிவிட்டுப் போவான் என்பது மட்டும் அவளுக்கு, சோபாவில் உட்கார்ந்தபடியே, சரியாகத் தெரிந்திருந்தது. அவளை அந்த நிமிடம் வெறுத்த அளவுக்கு நான் யாரையும் வெறுத்ததில்லை.

"என்னடி, அந்தப் பையன் அவகிட்ட என்னா பறஞ்சுட்டுப் போறான்?" என்று அம்மா கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம், இந்த முறை பக்கத்தில் நின்று திருத்த யாரும் இல்லை. ஆனால் அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னதைச் சொன்னபடி சொல்லித்தான் என் வாய்க்குப் பழக்கம். "இனிமே வரமாட்டானாம். இளவரசிய நல்லாப் பாத்துக்கோன்னு சொல்றான்" என்றேன்.

திரையில் அந்தப் பெண் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவளையே பார்த்தாள். பிறகு தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, மூடியில் சோற்றை எடுத்து வைத்தாள்.

"பாவம், சிரிக்காம என்ன செய்வா" என்றாள். "நானும் இப்பிடித்தானே நின்னேன். சேட்டம்மா பறையுறது எனக்கு அப்பவே புரியும்டி, எத்தனை வருஷம் அந்த வீட்டுல நின்னவ. அவ வாயில ஒருதரம் கேட்டு முடிச்சு, பின்னே நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே நிக்கணும்ல." குழம்பை ஊற்றிவிட்டு, "சாப்பிடு, ஆறிப்போகுது" என்றாள்.