இந்நிலையில் அவரது துணைவியார்

பாகூர் பக்கம் எந்த வீட்டில் கருமாதி நடந்தாலும், படத்திறப்புக்கு மைக் தெய்வசிகாமணியின் கைக்குத்தான் போகும். உரக்கடைக்காரர். கரிக்கலாம்பாக்கத்து வயல்களெல்லாம் மனையாகிப் போனதும் பெயிண்டும் பைப்பும் விற்க ஆரம்பித்தவர். ஆனால் மனுஷனுக்கு வியாபாரத்தில் எங்கே கவனம்? கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சிந்தனையாளர்களின் வாழ்க்கை வரலாறாகப் படித்துத் தள்ளுவார். செத்தவர் பால்காரராக இருந்தாலும் சரி, பிறப்பு, கல்வி, போராட்டம், தொண்டு என்று அந்தப் புத்தகங்களின் வரிசையிலேயே பேசி, கூட்டத்தை மூக்கை உறிஞ்ச வைத்துவிடுவார்.

கடையை நடத்தியது என்னவோ அவர் மனைவி கமலவேணிதான். பைப்பை அளந்து அறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, "இன்னிக்கு யாரு?" என்பாள். நாடு கடத்தினார்கள், பட்டினி கிடந்தார், அப்படியும் எழுதினார் என்று இவர் ஆவேசமாகச் சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"அவரு பொண்டாட்டி பேரு இன்னா?"

"உலகத்தையே மாத்துனவருடி அவரு! பொண்டாட்டி பேராம், பேரு."

அப்படிப்பட்ட கமலவேணி ஒரு மத்தியானம் கடையிலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. தெய்வசிகாமணிக்கு அழுகை வரவில்லை. துக்கம்கூட வரவில்லை, அதுதான் கொடுமை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், குளிக்கச் சொன்னால் குளித்தார். "கல்லு மாதிரி குந்தினு இருக்காரு பாரு" என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள்.

படத்திறப்பில் யார் பேசுவது என்ற பேச்சே எழவில்லை. "நீதான்பா பேசணும். அம்மாவுக்குப் பேசாம வேற யாருக்குப் பேசப்போற?" என்றாள் மகள் யாமினி. கமலவேணியைப் பற்றி இரண்டு வார்த்தை உண்மையாகப் பேசிவிட்டால் போதும், உள்ளே அடைத்துக் கிடப்பது திறந்து அழுதுவிடலாம் என்று அவருக்கும் ஒரு நப்பாசை. புத்தகங்களை எல்லாம் இறக்கினார். மனைவி போன மறுநாள் அந்த மேதைகள் என்ன செய்தார்கள் என்று தேடினார். "இந்நிலையில் அவரது துணைவியார் மறைந்தார்" என்று ஒரு வரி இருந்தது. அடுத்த வரியிலேயே புது நூல் வெளிவந்துவிட்டது. எடுத்த புத்தகமெல்லாம் இதே லட்சணம்தான். சீ, என்றிருந்தது அவருக்கு.

கருமாதியன்று, மைத்துனன் நவநீதன் படத்தை மூடியிருந்த துணியை விலக்கினான். மைக் வந்தது.

"கமலவேணி அம்மையார்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டார். பிறந்தது வில்லியனூரில். அப்புறம்? எதுவரை படித்தாள்? தெரியவில்லை. என்னவாக வேண்டும் என்று ஆசைப்பட்டாள்? கேட்டதே இல்லை. கேள்வி கேட்டதெல்லாம் அவள்தான்.

மைக் கொய்யென்று இரைந்தது. "மாமா, உக்காருங்க" என்று நவநீதன் தோளைத் தொட்டான். அவர் உட்காரவில்லை.

"ஒவ்வொருத்தரு கதையும் சொல்லி முடிச்சா, அவரு பொண்டாட்டி பேரு இன்னான்னு கேப்பா. ஒரு தடவகூட நான் தேடிப் பாத்து சொன்னதில்ல" என்றார். படத்தைப் பார்த்தார். குரலில் ஓர் அசைவும் இல்லை.

"என் பொண்டாட்டி பேரு கமலவேணி."

அவ்வளவுதான் பேச்சு. பந்தல் முழுக்க அழுதது. அவருக்கு மட்டும் அப்போதும் வரவில்லை. மைக்கை நவநீதனிடம் நீட்டி, "எல பட்டுனு போடச் சொல்லுப்பா, வந்தவங்க பசியோட இருப்பாங்க" என்றார்.