கதவைக் கூப்பிட்ட குரல்

அன்புக்கரசிக்குப் பாட்டு எதுவும் மனசில் நிற்காது. ஆனால் ஒரு வருடமாக அவள் தலைக்குள் ஒரு சத்தம் குடியிருந்தது. பல் தேய்க்கும்போது வரும். தலை வாரும்போது வரும். வகுப்பில் யாரும் பேசாமல் இருக்கிற நேரத்தில் கட்டாயம் வரும்.

"ஐயோ, என் கதவு! டேய், என் கதவுடா!"

தொண்டை கிழிய ஒரு பெண் கத்துகிற சத்தம். அதற்குப் பின்னால் எவனோ மேளம் சேர்த்திருந்தான். முடிந்ததும் தானாக முதலிலிருந்து தொடங்கும்.

ஊருக்கே அது தெரியும். போனைக் கீழே போட்டு உடைத்தவன், பஸ்ஸைக் கோட்டைவிட்டவன், காதலி கையால் கல்யாணப் பத்திரிகை வாங்கியவன், எல்லோரும் தங்கள் வீடியோவுக்கு இந்தக் குரலைத்தான் ஒட்டினார்கள். முதலில் வந்த வீடியோவில் முகம் கிடையாது. புழுதி, இடிக்கும் இயந்திரத்தின் மஞ்சள் கை, அதன் பின்னால் ஓடுகிற ஒரு பெண்ணின் முதுகு. கீழே ஒருவன் எழுதியிருந்தான்: "வூடே போச்சு, கதவ வச்சு இன்னாக்கா பண்ணப்போற?"

அந்த முதுகு அன்புக்கரசியின் அம்மா தேவானையுடையது.

அம்மாவிடம் பட்டன் போன்தான் இருந்தது. மயிலாப்பூரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவளுக்கு வீடியோ பார்க்க நேரமும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே மகளுக்கு ஒரு வேலையாகிப் போனது. பஸ்ஸில் அந்தச் சத்தம் கேட்டால் உடனே எதையாவது உரக்கப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

கதவுக்காகவா ஒருத்தி இப்படிக் கத்துவாள் என்று சிரித்தவர்களுக்கு ஆற்றங்கரை வழக்கம் தெரியாது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக் கரையோரம் அவர்கள் குடியிருந்தபோது, கணக்கெடுக்க வந்தவர்கள் வீட்டுக்கு வீடு கதவில் சிவப்பு பெயின்டால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். நம்பர் இருந்தால்தான் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் மாற்று வீடு என்று பேச்சு. அதன்பிறகு கரையில் எல்லோருக்கும் வீட்டைவிடக் கதவு பெரிதாகிவிட்டது. மழையில் நம்பர் அழிந்துவிடக் கூடாதென்று தேவானை அதன்மேல் பிளாஸ்டிக் கவர் வைத்து ஆணி அடித்திருந்தாள். இடிக்கும் அன்று, விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கதவைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேவானை முதலில் அரிசி டிரம்மைத் தூக்கினாள். அதை ரோட்டில் இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் கதவு சுவரோடு சாய்ந்துவிட்டது.

இப்போது அவர்கள் இருப்பதும் பெரும்பாக்கத்தில்தான். வீடு கிடைத்த ஒருவரிடம் வாடகைக்கு.

நந்தனத்தில் அன்புக்கரசி படிக்கிற கல்லூரியில் அந்தப் பருவத்துக்கு வெகுஜன ஊடகம் ஒரு பாடம். நடத்திய வைதேகி மேடம் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு மாணவர் ஏதாவது ஒரு தரப்பை எடுத்துப் பேச வேண்டும். மற்றவர்கள் எந்த இடத்தில் மனசு சாய்ந்தது, எந்த இடத்தில் சாயாமல் நின்றது என்று எழுத வேண்டும்.

அன்று சித்தார்த்தனின் முறை. தலைப்பு மீம். அவன் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அந்தக் குரலைப் போனில் ஓடவிட்டான். வகுப்பு சிரித்தது. அன்புக்கரசி பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நொச்சிக்குப்பம்," என்று தொடங்கினான். "எங்க தாத்தா செத்தப்போ மேளம் வச்சு ரோட்டுல ஆடுனேன்."

"பாத்தோம் மச்சி. பொணமே எழுந்து விசில் அடிச்சிருக்கும்," என்றான் பின்பெஞ்சு விக்கி.

"அடிச்சிருக்கும் நைனா, அவரு அப்படிப்பட்ட ஆளு." சிரிப்பு அடங்கும்வரை சித்தார்த்தன் காத்திருந்தான். "இப்ப சொல்லு. நான் அவரக் கேலி பண்ணனா? துக்கம் தாங்காமதான் ஆடுனேன். தாங்க முடியாதத சிரிச்சுத்தான் தாங்குறோம். இந்தக் கதவு அக்காவும் அப்படித்தான். அரியர் வச்சவன் இந்தக் குரல போடுறான்னா அக்காவப் பாத்து சிரிக்கல, தன்னப் பாத்து சிரிக்கிறான். அவன் வாயால சொல்ல முடியாதத அந்தக்கா அவனுக்காகக் கத்துது. தொண்டைய விட்டு வந்த குரல் அப்புறம் தனி ஆளோடது இல்ல. ஊரோடது."

கைதட்டினார்கள். அன்புக்கரசியும் தட்டினாள்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஒருநாள் மின்சார ரயிலில் மேளத்தோடு அந்தக் குரல் கேட்டபோது அவள் கால் தானாகத் தாளம் போட்டிருக்கிறது. எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் தானும் அந்தக் கூப்பாட்டோடு சேர்ந்துகொண்டது போல அப்போது இருந்தது. அவனிடம் திமிர் இல்லை. அவனும் குப்பத்திலிருந்து வந்தவன், நம்பர் போட்ட கதவுகளின் ஆள்தான். அதனாலேயே அவன் பேச்சை மறுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் அவனிடம் கேட்டாள்.

"அந்தக்காவ ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"யாருன்னே தெரியாதே, அன்பு."

"தெரிஞ்சா?"

அவன் யோசித்தான். "தெரிஞ்சுதுன்னா அப்புறம் யாராலயும் சிரிக்க முடியாது. தெரியாம இருக்கிறதுதான் அந்தக்காவுக்கும் நல்லது. அவங்க நிம்மதியா இருக்கட்டும்."

அவன் அதை அக்கறையோடுதான் சொன்னான். அவளுக்கும் அதுவே வேண்டியிருந்தது. குரல் ஊருடையது என்றால், அம்மாவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை என்றாகிவிடும். அன்று மத்தியானம் முழுக்கத் தலைக்குள் சத்தம் வரவில்லை. ஆனால் அந்த அமைதி அவளுக்குப் பயமாக இருந்தது. சத்தம் எங்கே போனது என்று தானே உள்ளே தேடிப் பார்த்தாள்.

சாயங்காலம் வழக்கம்போல சைதாப்பேட்டையில் அம்மாவும் மகளும் சேர்ந்து பஸ் ஏறினார்கள். இருவருக்கும் சீட் கிடைத்தது. முன்சீட்டில் தி.நகர் ஜவுளிக்கடையின் சீருடைச் சேலை கட்டிய ஒரு பெண், காலை நீட்டி அழுத்திவிட்டுக்கொண்டே போன் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் நின்ற கால். பஸ் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அந்தக் குரல் எழுந்தது.

அன்புக்கரசி பேச வாயெடுத்தாள். பிறகு, ஊருடைய குரல்தானே என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

தேவானை தலையைத் திருப்பினாள்.

"இத்தையே போட்டுக்கினு கீதுங்க. அன்னைக்கு மார்க்கெட்டாண்ட கூட கேட்டேன். பாவம்டி, எந்தப் பொம்பளையோ. கதவு கதவுன்னு அடிச்சுக்குது. நம்மள மாதிரிதான் யாரோ."

மகள் ஜன்னலைப் பார்த்தாள். அம்மாவுக்கு அது தன் குரல் என்று தெரியவில்லை. தன் குரலை வெளியிலிருந்து கேட்க அவளுக்கு எப்போது வாய்த்தது?

"அதுக்கு வூடு கெடச்சுதாமா?" என்று கேட்டாள் தேவானை.

அந்த வீடியோவுக்குக் கீழே வந்த அத்தனை பேச்சையும் அன்புக்கரசி படித்திருக்கிறாள். சித்தார்த்தன் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். அதில் எங்கேயும் இந்தக் கேள்வி இல்லை. அவனுக்காகவும் இவனுக்காகவும் கத்திய பெண்ணிடம், உன் கதவு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அன்புக்கரசியும் கேட்கவில்லை, கைதட்டினாள்.

"கெடைக்கலம்மா," என்றாள். "வாடகைக்குத்தான் கீறாங்க."

"ஒனக்கு எப்டிடி தெரியும்?"

முன்சீட்டில் குரல் மறுபடி தொடங்கியது. இந்த முறை தேவானை காதைக் கொடுத்துக் கேட்டாள். மூன்றாவது சுற்றில் அவள் உதடு அசைந்தது. குரல் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே உதடு அந்த வார்த்தைக்குப் போய் நின்றது. பிறகு அவள் கை மெல்ல மேலே ஏறித் தன் தொண்டையைத் தொட்டது.

அன்புக்கரசி எழுந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

"அக்கா, அத நிறுத்துங்க. அது எங்கம்மா."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அது எல்லாருக்கும் அம்மாதாம்மா. இத ஒரு வாட்டி கேட்டாத்தான் எனக்கு கால் வலியே போவுது."

சொல்லிக்கொண்டே திரும்பியவள் தேவானையின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. போனை அணைக்கத் தெரியாதவள் மாதிரி எங்கெங்கோ அழுத்தினாள். அதற்குள் குரல் இன்னொரு முறை வந்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

தேவானை மகளைப் பார்க்கவில்லை. ஓடுகிற ரோட்டைப் பார்த்தபடி, யாரிடமோ கணக்குக் கேட்பது போலச் சொன்னாள்:

"நான் ரெண்டு தபாதான்டி கூப்ட்டேன். அதுக்கப்புறம் இது யாரு, வுடாம கூப்ட்டுக்கினே கீறது?"