தேவகி பேரில் நான் போட்ட ரிட்டர்ன்

ஸ்டாக் வெரிஃபிகேஷனில் மூன்று புத்தகங்கள் குறைந்தன. மூன்றும் திரும்பி வந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் சொன்னது, ரேக்கில் இல்லை. யார் ரிட்டர்ன் போட்டது என்று லாகை எடுத்துப் பார்த்தார்கள். தேவகி என்று வந்தது. போட்டவன் நான்.

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லப் பெருமையான கதைகள் நிறைய வைத்திருக்கிறேன். இதை மறைத்துவிட்டு அதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எங்களைப் போன்ற பர்மனன்ட் ஆட்களுக்கு வகைவகையாக லீவு உண்டு. தேவகிக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. சித்தூர்ப் பக்கம் பாலசமுத்திரத்துப் பெண், லைப்ரரி சயின்ஸில் முதுகலை, என்னைவிடப் படித்தவள். ஆனால் கான்ட்ராக்ட். வருடா வருடம் ரினிவல். வராத நாட்களை எண்ணி வைத்திருந்து, அதைக் காட்டியே நிறுத்திவிடுவார்கள்.

ஒரு நாள் காலை ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டாள். ஊரிலிருந்து தகவல் வந்து முதல் பஸ்ஸில் சித்தூர் போயிருந்தாள்.

“அண்ணா, நைனாவ பெரியாஸ்பத்திரில சேத்துக்கீறோம். நெஞ்சு வலி. இன்னிக்கு மட்டும் எப்டியாச்சும் சமாளிங்கண்ணா. கம்ப்யூட்டர என் பேர்ல ஓபன் பண்ணி வெச்சிடுங்க” என்று பாஸ்வேர்டையும் சொன்னாள்.

“நீ நைனாவப் பாரும்மா. இங்க நான் பாத்துக்கறேன்” என்றேன். அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மதியம் ஒரு எம்.சி.ஏ. மாணவன் நோ ட்யூஸ் சர்டிபிகேட் கேட்டு வந்தான். அமெரிக்காவில் வேலை. அந்த வருடங்களில் வாரத்துக்கு ஒருவனாவது இப்படி வருவான். மூன்று புத்தகம் பாக்கி இருந்தது. “ரூம்ல இருக்கு சார், ரேப்பு தெச்சி இஸ்தானு சார்” என்று, நாளைக்குக் கொண்டுவருவதாகக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். மூன்றுக்கும் ரிட்டர்ன் போட்டு சர்டிபிகேட்டை அடித்துக் கொடுத்தேன். அப்புறம் ஆள் வரவே இல்லை, பறந்துவிட்டான்.

தேவகி பேரில் இருக்கிறோம் என்பதை மறந்து செய்தேனா, அவள் பேர்தானே என்று செய்தேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. என் பேராக இருந்திருந்தால் கை கொஞ்சம் தயங்கியிருக்கும்.

கவுன்ட்டரில் வேலை பார்த்த எங்கள் இருவரையும் நூலகர் தன் அறைக்குக் கூப்பிட்டார். “புக்ஸ் எக்கடம்மா?” என்று, புத்தகங்கள் எங்கே எனத் தெலுங்கில் ஆரம்பித்தவர், “அந்தப் பையன் உனக்கு என்ன சொந்தமா?” என்று தமிழுக்கு வந்தார்.

அன்றைக்கு வரவே இல்லை என்று அவள் சொல்லலாம். சொன்னால் ரிஜிஸ்டரில் இருக்கும் கள்ளக் கையெழுத்து வெளியே வரும், அதற்கே வேலை போகும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? மேஜைமேல் கிடந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என் பேர்லதானே சார் இருக்குது” என்றாள் தேவகி.

ரினிவல் கிடைக்கவில்லை. கடைசி நாள் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, “மன்னிச்சிடும்மா” என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“நீங்க வாயத் தொறந்திருந்தா உங்களுக்கு ஒரு மெமோ வந்திருக்கும். அவ்ளோதாண்ணா. எனக்கு வேலையே போச்சே. நைனாவ இனிமே எத்த வெச்சிப் பாப்பேன்?”

மறுவாரம் நூலகர் என்னையே ஒரு சர்க்குலர் எழுதச் சொன்னார். புத்தகம் கைக்கு வராமல் ரிட்டர்ன் போடக்கூடாது, கவனக்குறைவாக இருந்த கான்ட்ராக்ட் ஊழியர் ஒருவர் நீக்கப்பட்டிருக்கிறார் என்று. சீ, அதையும் ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

பிள்ளைகளே, பாஸ்வேர்டைத் தராதீர்கள், எழுந்து போனால் லாக் அவுட் செய்யுங்கள். இதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள். ஒருத்தி லீவு கேட்கப் பயந்துபோய்ப் பாஸ்வேர்டைத் தருகிறாள் என்றால், அவளுக்கு லீவு கொடுங்கள் என்று மேலே போய்க் கேளுங்கள். அதற்குத் தைரியம் இல்லையா, லாகில் அவள் பேர் வரும் நாளிலாவது “நான்தான் போட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். அரை நிமிஷ வேலை. நான் செய்யவில்லை. மாதம் பிறந்தால் முழு பென்ஷன் வாங்குகிறேன்.