உங்கடை கிணறு எது?

போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்து அரியாலையில் வயிற்றோட்டம் பரவிய வாரம், சுகாதாரப் பகுதி டொக்டர் எங்கள் பத்திரிகைக்கு ஒரு வரைபடத்தோடு வந்தார். நோய் கண்ட வீடுகளில் எல்லாம் "உங்கடை கிணறு எது?" என்று கேட்டுக் குறித்திருந்தார். பெரும்பாலான கோடுகள் பல வீடுகளுக்குப் பொதுவான ஒரே பங்குக் கிணற்றில் போய் முடிந்தன.

"பொருளாதாரத் தடையாலை குளோரின் வரேல்லை. கையிலை இருக்கிறது ஒரு கிணத்துக்குத்தான் காணும். இந்தக் கிணத்துக்குத்தான் போடப்போறம். பேப்பரிலையும் போடுங்கோ, தம்பி."

கிணற்றைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். ஆசிரியர் சிரித்தார். "ஏன், கிணறு ஓடிப்போகுமே?"

கிணற்றடி வீட்டில் ஒரு பெண் பாயில் கிடந்த மகனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். பையனின் கண்கள் உள்ளே போயிருந்தன. நான் வாளியைத் தூக்கியதும் கத்தினார்.

"ஐயோ, உதைக் குடியாதேங்கோ! உது உவர்."

"உங்கடை கிணறு இதெண்டு டொக்டரிட்டைச் சொன்னனீங்களாம்?"

"ஓம், காணி உறுதிப் பத்திரத்திலை எங்களுக்குப் பங்கிருக்கு. குளிக்கிறது, தோய்க்கிறது உதிலை. குடிக்க வயல்கரைக் கிணத்திலைதான் அள்ளுறம்."

கேட்ட கேள்விக்கு அவர் சரியாகத்தான் விடை சொல்லியிருந்தார்.

பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு டொக்டரிடம் ஓடிப்போய் அதைச் சொன்னேன். அவர் வரைபடத்தைத் திருப்பி வைத்தார். "நான் கேட்டது காணிக் கணக்கு."

"அப்ப வயல்கரைக் கிணத்துக்குப் போடுவம்," என்றேன்.

"பொறுங்கோ. சுகமா இருக்கிற சனமும் அங்கைதான் அள்ளுதெண்டால்? அந்த வீடுகளையும் கேக்கவேணும்."

"அதுக்குள்ளை ஆரும் செத்தால்?"

"பிழையான கிணத்திலை கொட்டினால் சரியான கிணத்துக்கு என்னத்தைப் போடுறது?"

சந்து ஒழுங்கைகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு நடந்தோம். இராணுவ ஹெலிகொப்டர் வரும்போது மதிலோடு ஒட்டி நின்றோம். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "குடிக்கத் தண்ணி எங்கை அள்ளுறியள்?" நோய் கண்ட வீடுகள் ஏறக்குறைய எல்லாம் வயல்கரையைச் சொன்னன. நோயில்லாத வீடுகளில் அதைச் சொன்னவை மிகச் சில.

பொழுதுபடுமுன் டொக்டர் வயல்கரைக் கிணற்றில் குளோரினைக் கரைத்து ஊற்றினார். அடுத்தடுத்த நாட்களில் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். பையன் தப்பினான். நாங்கள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பகலில் பக்கத்து ஒழுங்கையில் ஒரு குழந்தை இறந்தது.

செய்தி அறைக்குப் புதிதாக வருபவர்கள் எண்களின் கூட்டலைக் கவனமாகச் சரிபார்க்கிறார்கள். அது போதாது. அந்த எண் எந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை என்று முதலில் விசாரியுங்கள். அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படவில்லை என்றும் விசாரியுங்கள். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கும் ஒரு விலை உண்டு.