எ என்று படித்த வில்லை

“தமீ, உனக்குத் தமிழ் பேசத்தானே தெரியும்? வாசிக்கவுமா தெரியும்?” என்று கேட்டார் ஷ்வேப்யிதாவில் உள்ள தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை செய்பவர். தமீ என்றால் பர்மியில் மகள். மாவ்பியில் பழைய அரிசி ஆலை இருந்த மேட்டில் அவருடைய மெட்டல் டிடெக்டர் அலறி, அப்போதுதான் ஒரு பித்தளை வில்லை கிடைத்திருந்தது. காசில்லை. மேலே ஓட்டை, நடுவில் ஒரே ஒரு குறி.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கோவில் ஞாயிறு வகுப்பில் தமிழெழுத்தும் கற்றவள். கேள்வி சுருக்கென்றது. “இது எ. ஆலை முதலாளியோட முதலெழுத்து” என்றேன்.

அப்பா வாங்கிப் பார்த்தார். “ஏழு மாதிரில்ல இருக்கு. எங்கப்பா ஆலையில மூட்டை தூக்குனப்ப இப்படி ஒண்ணு இடுப்புல கட்டியிருப்பாரு. ஏழாம் நம்பர்னுதான் கூப்பிடுவாங்க.”

“உங்களுக்கு எழுத்தே தெரியாதேப்பா. சும்மா இருங்க.”

அப்பாவின் நண்பர் சிரித்தார். “அகோ, மகள்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்க!” அகோ என்றால் அண்ணன். அப்பாவும் சிரித்தார். வில்லையை லுங்கியில் துடைத்துத் திருப்பித் தந்தார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் அதைக் கோவில் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ‘முதலாளியின் முதலெழுத்து’ என்று தமிழிலும் பர்மியிலும் சீட்டு ஒட்டினேன். பூஜைக்கு வந்தவர்களெல்லாம் படித்தார்கள்.

போன வாரம் அதே மேட்டில் அவருக்கு இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்றில் அ, மற்றதில் கூ. ஓர் ஆலைக்கு மூன்று முதலாளிகளா? போனில் பழைய தமிழ் எண்களைத் தேடினேன். எ, அ, கூ போலவே இருந்தன அந்தக் காலத்து ஏழு, எட்டு, ஒன்பது.

எழுத்து தெரிந்ததால்தான் நான் தவறாகப் படித்தேன். அப்பாவுக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். சீட்டைச் சத்தமில்லாமல் கிழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று இரண்டு நாள் நினைத்தேன். ஆனால் நான் அவர் வாயை அடைத்தது இன்னொருவர் முன்னால்.

நேற்றுப் பூஜை முடியும் நேரத்துக்கு அந்த நண்பரையும் கோவிலுக்கு வரச் சொன்னேன். பெட்டியைத் திறந்து வில்லையை அப்பா கையில் வைத்தேன். “நான் தப்பாச் சொல்லிட்டேன். இது என்னன்னு நீங்களே சொல்லுங்கப்பா.” அவர் சொல்லச் சொல்லப் புதுச் சீட்டில் எழுதினேன்.