பின்சீட்டின் வலப்பக்கம்

கொட்டகையில் நின்ற காரின் பின்சீட்டில் வலப்பக்கமாகப் போய் உட்காரச் சொன்னாள் அக்கா. நான் உட்கார்ந்த மறுகணம், டாஷ்போர்டில் பாதிக்குக் கீழே கிடந்த பெட்ரோல் முள் விருட்டென்று எழுந்து, டாங்கி நிறைந்துவிட்டதைப் போல மேல்கோட்டைத் தாண்டி நின்றது. எழுந்தேன், முள் இறங்கியது. உட்கார்ந்தேன், மறுபடி ஏறியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்கா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஏறுனாலும் இப்படித்தான்டி நிக்கும். அப்பவே பாத்திருக்கேன். யார்ட்டச் சொல்றது?" என்றாள். பிறகு கீழே இறங்கி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டைத் தூக்க என்னைக் கூப்பிட்டாள்.

அறுபதுகளின் பின்பாதி அது. அக்கா பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள். காரைக்குடியிலிருந்து கீழச்சிவல்பட்டிக்கு, நிலபுலமுள்ள ஒரு குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். சீரோடு சீராக, யாரோ ஓட்டிப் பழகிய ஒரு காரையும் அப்பா வாங்கிக் கொடுத்தார். அந்தக் காரில் பின்சீட்டின் இடப்பக்கம் அக்காவின் மாமியாருக்கு உரியது. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தன் பக்கத்தில் வேறு யாரும் உட்காருவதை அத்தை விரும்பமாட்டார். மருமகள் ஒருத்திக்கு மட்டும், தவிர்க்க முடியாமல், வலப்பக்கத்தை விட்டுக்கொடுத்திருந்தார். ஓட்டுவது அத்தான், அதாவது அக்காவின் புருஷன்.

கல்யாணமாகிச் சில மாதங்களில் வண்டி நிற்கத் தொடங்கியது. அத்தை தனியாகக் கோயிலுக்குப் போனால் போய்த் திரும்பும். அத்தான் காரைக்குடிக்குப் போனால் ஒரு குறையும் இல்லை. அக்கா ஏறினால் மட்டும் தெருமுனை தாண்டியதும் இருமி இருமி நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளினால், ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தவர்கள் பழுதே இல்லை என்றார்கள். பழுது வண்டியில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்க முடியும்? அத்தைக்கு விடை தயாராக இருந்தது. அதை அவர் அக்காவிடம் தனியாகச் சொல்லவில்லை. நாட்டரசன்கோட்டைக் கோயில் வாசலில், உறவுக்காரப் பெண்கள் சுற்றி நிற்க, வண்டி நின்ற ஒரு நாளில் சொன்னார்: "இவ கால வச்சா எஞ்சினே மூச்ச விட்ருது. வீடு என்னத்துக்கு ஆகும்?"

அதன் பிறகு அக்காவை விளக்கேற்ற விடவில்லை. வயலில் விதைப்பு நடந்தால் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றார்கள். வயிற்றில் உண்டான பிள்ளை கலைந்தபோது, அதற்கும் அந்தக் காரையே சாட்சிக்கு இழுத்தார்கள். அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாராம். கடைசியில் ஒரு மாட்டுவண்டியில் அக்காவை ஏற்றி அனுப்பினார்கள். காரை அத்தான் தனியாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார். வழியில் அது நிற்கவே இல்லை. எங்கள் கொட்டகையில் வண்டியை விட்டுச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனார்.

அக்கா கொஞ்ச நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு காலையில் அப்பாவிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள். முன்சீட்டில் அப்பாவின் பக்கத்தில் அவளே உட்கார்ந்துகொண்டாள். குன்றக்குடிவரை போய்த் திரும்பினார்கள்; எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. வீட்டு வாசலில் இறங்கியவள், பின்கதவைத் திறந்து வலப்பக்கம் உட்கார்ந்து, "இப்பப் போங்கப்பா" என்றாள். தெரு திரும்புவதற்குள் வண்டி செத்தது. அன்றைக்குத்தான் என்னையும் பின்னால் உட்காரவைத்து அந்த முள்ளைப் பார்த்தாள்.

சீட்டைத் தூக்கியதும் ஒயர்கள் தெரிந்தன. அந்தக் காரில் பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்பு மின்சாரத்தில் ஓடுவது. பின்னால் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். டாங்கிக்குள் இருக்கும் மிதவைதான் முன்னால் முள்ளை ஆட்டுவது. இரண்டுக்கும் சேர்த்து, மின்சாரம் திரும்பிப் போக, ஒரே ஓர் எர்த் கம்பி சீட்டுக்கு அடியில் ஓடி, வண்டியின் உடம்பில் முடுக்கப்பட்டிருந்தது. அக்கா ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி, ஒன்றைப் பாட்டரியிலும் மற்றதை அந்தக் கம்பியின் பம்புப் பக்கத்து முனையிலும் வைத்தாள். பல்பு எரிந்தது. சீட்டைப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். பல்பு அணைந்தது; டிக் டிக் சத்தமும் நின்றது. எழுந்தேன், எரிந்தது. நடுவில் யாரோ எப்போதோ இரண்டு துண்டுகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஆள் உட்கார்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் அந்த முறுக்கை அமுக்கிப் பிரித்துவிடும். பம்பு படுத்துவிடும், முள் பொய் சொல்லும். வேறெதுவும் இல்லை. ஒரு கல்யாணத்தை முறித்தது அந்த விரல் நீளக் கம்பிதான்.

அப்பா அப்போதே கீழச்சிவல்பட்டிக்குக் கிளம்பினார். அக்கா தடுத்தாள். "வண்டி நல்லா ஓடுதுன்னு மட்டும் சொல்லிவிடுங்க. அவுக வரட்டும், நானே காட்டுறேன்." கம்பியை மாற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். வெட்டியெடுத்த பழைய முறுக்கைப் புருஷனிடம் காட்டுவதற்காக எடுத்துவைத்தாள்.

அத்தான் வந்தார். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் அப்பாவிடம் சொன்னார்: "தம்பிக்கு ஒக்கூர்ல பரிசம் போடப் போறோம் மாமா. வண்டி சரியாயிருச்சாமே, எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். அவ இங்குட்டு வந்தவுடனே தானாச் சரியாயிருச்சு பாருன்னு அம்மா சொல்றாக."

அக்கா நிலைப்படியில் நின்றிருந்தாள். "நான் வர வேணாமா?" என்று கேட்டாள்.

அவர் காரைப் பார்த்தார். "மங்கள காரியம். முடியட்டும், பாப்போம்."

"அப்பச் சரி. நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கங்க. துடைச்சு வைக்கிறேன்," என்றாள் அக்கா. குரலில் ஒரு பிசிறும் இல்லை.

அவர் போனதும் அக்கா கொட்டகைக்குப் போனாள். கூடவே நானும் போனேன். பற்றவைத்த கம்பியை வெட்டினாள். புதிய கம்பி ஒன்றை இடப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய், அத்தை உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, முன்பிருந்ததைப் போலவே தளர்வாக முறுக்கிவைத்தாள். என்னை அங்கே உட்காரவைத்தாள். டிக் டிக் நின்றது. வலப்பக்கம் நகரச் சொன்னாள். சத்தம் தொடர்ந்தது. திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டு, "ஒக்கூர்ல உன் கூட்டாளி வீடு அந்தத் தெருதான? போய்ப் பாத்துட்டு வா," என்றாள்.

பரிசத்தன்று போனேன். பெண் வீட்டுக்கு எதிர்வரிசையில் என் தோழியின் வீடு. வெயில் ஏறிய பிறகு தெருக்கோடியில் வண்டி தெரிந்தது, அங்கேயே நின்றது. வழியெல்லாம் நின்று நின்று வந்திருக்கிறார்கள் என்பது அத்தையின் முகத்திலேயே எழுதியிருந்தது. எல்லோரும் இறங்கினார்கள், வண்டி கிளம்பியது. ஏறினார்கள், நாலு வீடு தாண்டி மறுபடி நின்றது. பெண் வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கூட வந்த ஒரு கிழவி அலுத்துப்போய், "நீங்க மட்டும் எறங்கி நில்லுங்க, பாப்போம்," என்றாள். பட்டுப்புடவையும் கையில் தாம்பாளமுமாக அத்தை இறங்கி நின்றார். மற்றவர்களோடு வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பெண் வீட்டு வாசலில் நின்றது. அத்தை அதன் பின்னால் நடந்து வந்தார். தெருவே பார்த்தது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் படியேறினார்.

வீட்டில் அக்கா காத்திருந்தாள்.

"நடந்தாகளா?"

"நடந்தாக."

"வெயில்லயா?"

"வெயில்லதான்."

அன்று அவள் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். நாட்டரசன்கோட்டைக் கோயில் வாசலை நினைத்துக்கொண்டு நானும் போட்டுக்கொண்டேன்.

அத்தானின் தம்பி கல்யாணம் நடந்தது. ஆனால் ஆரத்தி எடுக்க அத்தையை யாரும் கூப்பிடவில்லை. பெண் வீட்டார் நாசூக்காக வேறொருத்தியை நிறுத்தினார்கள். மருமகளுக்கு அவர் தைத்த சட்டை அவருக்கே அளவாகப் போயிற்று. அதைவிடப் பெரிய விஷயம், தான் ஏறினால் வண்டி நிற்கும் என்று அவரே நம்பிவிட்டார். வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அக்கா கம்பியைச் சரிசெய்து, ஓட்டக் கற்றுக்கொண்டு, சிவகங்கையில் பள்ளிக்கூட வேலைக்கும் போனாள். அத்தான் இரண்டொரு முறை கூப்பிட வந்தார். அக்கா காப்பி கொடுத்து அனுப்பினாள். அத்தையோ அதன்பின் எந்தக் காரிலும் ஏறவில்லை. சொந்தக்காரர்கள் வண்டி கொண்டுவந்தாலும், அவர்களுக்கு முன்பே கிளம்பி நடந்துவிடுவாராம். "சொல்லிருவோமாக்கா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "நடக்கட்டும்," என்றாள்.

எழுபதுகளின் முடிவில் ஒரு மத்தியானம் அத்தான் ஓடி வந்தார். அத்தைக்கு நெஞ்சுவலி. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர். வாடகைக்கார் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறது, ஏறமாட்டேன் என்கிறார். தான் ஏறினால் வழியில் நின்றுவிடும், உயிர் வீட்டிலேயே போகட்டும் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீ வந்து சொன்னாலாவது கேட்பாரா என்று அக்காவைப் பார்த்தார். அக்கா எங்கள் காரை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன்.

கட்டிலருகே நின்று அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டு, ஸ்பிரிங், கம்பி, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு அதை மாற்றியது, என்னை வேடிக்கை பார்க்க அனுப்பியது வரை. இரக்கப்பட்டுத்தான் சொன்னாள் என்று பிற்பாடு சிலர் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இத்தனை காலம் எதற்குப் பயந்து நடந்தோம் என்பது உயிரோடிருக்கும்போதே அத்தைக்குத் தெரியவேண்டும் என்று அவள் காத்திருந்தாள். அவள் குரலில் அது கேட்டது.

அத்தை கட்டிலைப் பிடித்திருந்த பிடியை விட்டார். பிறகு கையை நீட்டினார். நாங்கள் இருவரும் தாங்கி, எங்கள் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தோம். அக்கா ஓட்டினாள். திருப்பத்தூர் தாண்டும்போது அத்தை மெல்லக் கேட்டார்: "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஆத்தா, வண்டிக்குத்தான் கோளாறுன்னு."

அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வண்டிக்கு என்னன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலையே அத்தை. எனக்கு என்னன்னுதான கேட்டீக."